சிவப்பு மையில் எல்லாப் பிழையையும் திருத்தினால் மொழி வந்துவிடுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

"நேற்று லீவு. அக்கா ஊரில் இருந்து வந்தது. நானும் அக்காவும் கடைக்கு போனோம். வலியில் மழை விழுந்தது. நான் நனைந்தேன். அக்கா சிரித்தது."

வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு நான்காம் வகுப்புக் குழந்தை, 'விடுமுறை நாள்' என்ற தலைப்பில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நாம் உருவாக்கிய பத்திதான் இது. ஆனால், வேற்றுமொழி பேசும் குழந்தைகளின் தமிழ் நோட்டைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் ஆறு வட்டம் போடலாம். 'லீவு' தமிழ்ச் சொல் இல்லை. 'வந்தது' என்பது 'வந்தாள்' என்று இருக்க வேண்டும். 'கடைக்கு போனோம்' என்பதில் 'ப்' விடுபட்டிருக்கிறது. 'வழி' என்பது 'வலி' ஆகிவிட்டது. மழை பெய்யும், விழாது. கடைசியில் 'சிரித்தது' என்பதும் தப்பு. ஆறு வாக்கியத்துக்கு ஆறு வட்டம். கீழே பத்துக்கு 4 மார்க்.

அடுத்த வாரம் அதே குழந்தை இப்படி எழுதுகிறது: "நேற்று விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன்." ஒரு பிழைகூட இல்லை. பத்துக்கு 9 மார்க்.

இப்போது கேள்வி இதுதான். குழந்தைக்குத் தமிழ் வந்துவிட்டதா? இல்லை, தப்பு வரக்கூடிய பக்கமே போகாமல் தப்பித்துக்கொள்ளத் தெரிந்துவிட்டதா?

புதிதாக ஒரு மொழியைக் கற்பவர்கள் எழுதும்போது வரும் பிழைகளைத் திருத்த வேண்டுமா, எவ்வளவு, எப்படி என்று மொழி கற்பித்தல் துறையில் பல பத்தாண்டுகளாக விவாதம் நடக்கிறது. அதில் தெளிவானது என்ன, இன்னும் தீராதது என்ன, ஆசிரியர்களும் பெற்றோரும் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கலாம்.

தப்பு எல்லாம் ஒரே மாதிரித் தப்பா?

இல்லை. இதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் பிட் கோர்டர். 1967-ல் வெளிவந்த அவரது கட்டுரை, மொழி கற்பவர்களின் பிழைகளை இரண்டாகப் பிரித்தது.

ஒன்று, கைத்தவறு. விதி தெரியும், ஆனால் அவசரத்தில், அசதியில் விட்டுவிடுவது. "திரும்ப ஒரு தடவை படிச்சுப் பாரு" என்று சொன்னால் எழுதியவரே கண்டுபிடித்துவிடுவார். நம் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தினமும் நடப்பதுதான்.

இன்னொன்று, அறியாமல் வரும் பிழை. பத்துத் தடவை படித்தாலும் எழுதியவருக்கு அது சரியாகவே தெரியும். காரணம், அவர் மனதில் இருக்கும் விதியே அப்படித்தான். இந்த இரண்டாவது வகைதான் ஆசிரியருக்கு முக்கியம் என்றார் கோர்டர். கற்பவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார், இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

நம் குழந்தையின் 'அக்கா வந்தது' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் 'அக்கா வந்தாள்' என்பதற்கு 'அக்க வச்சிந்தி' என்பார்கள். பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'தான். ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் தெலுங்கில் வினைமுற்று ஒன்றுதான். வீட்டில் இருக்கும் அந்த விதியைத்தான் குழந்தை தமிழுக்கும் கொண்டுவந்திருக்கிறது. போதாததற்கு, "அக்கா வந்துச்சு" என்று தமிழ் பேசுபவர்களே சொல்வதும் அதன் காதில் விழுந்திருக்கும். இரண்டு பக்கமும் சாட்சி இருக்கும்போது குழந்தை எப்படிச் சந்தேகப்படும்? அதனால்தான் 'சிரித்தது' என்று மறுபடியும் அதே மாதிரி எழுதுகிறது.

இதேபோல, வீட்டில் இந்தி பேசும் குழந்தைக்கு 'நாம்', 'நாங்கள்' குழப்பம் வரலாம். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' என்ற ஒரே சொல்தான். "மிஸ், நாம் ஊருக்குப் போனோம்" என்று அந்தக் குழந்தை எழுதினால், மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போனதாக அர்த்தம் வந்துவிடும்!

தாய்மொழியும் இல்லாமல், கற்கும் மொழியும் முழுமையாக இல்லாமல், தனக்கென்று ஒரு ஒழுங்கோடு இருக்கும் இந்த நடுநிலைக்கு 1972-ல் அமெரிக்க மொழியியலாளர் லாரி செலிங்கர் ஒரு பெயரைப் பரவலாக்கினார். தமிழில் அதை 'இடைமொழி' எனலாம். புது மொழி கற்கும் எல்லோரும் இந்த இடைமொழி வழியாகத்தான் போகிறார்கள்.

'திருத்தவே வேண்டாம்' என்று யாராவது சொன்னார்களா?

சொன்னார்கள். அதற்கு முன்னால் நடந்த ஒரு ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜப்பானில் ஆங்கிலம் எழுதப் பழகும் கல்லூரி மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து நடந்த ஆய்வு 1986-ல் வெளியானது. முதல் குழுவுக்கு எல்லாப் பிழையும் திருத்திக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது குழுவுக்குப் பிழையின் வகை மட்டும் குறியீடாகக் காட்டப்பட்டது. மூன்றாவது குழுவுக்குப் பிழை உள்ள இடத்தில் வண்ணம் மட்டும் தீட்டப்பட்டது. நான்காவது குழுவுக்கு, அந்த வரியில் எத்தனை பிழை என்ற எண்ணிக்கை மட்டும் ஓரத்தில் எழுதப்பட்டது. நான்கு குழுவும் திருத்தி மறுபடி எழுத வேண்டும்.

முடிவில் குழுக்களுக்கு இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது, ஆசிரியர் மணிக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் திருத்தியதும், ஓரத்தில் '2' என்று எழுதிவிட்டுப் போனதும் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தந்தன.

பத்தாண்டு கழித்து, 1996-ல், தைவானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஜான் டிரஸ்காட் ஒரு கட்டுரை எழுதினார். எழுத்துப் பயிற்சியில் இலக்கணத் திருத்தத்தை அடியோடு கைவிட வேண்டும் என்பதே அவர் வாதம். அதனால் பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை, நேரம் வீணாகிறது, திருத்தத்துக்குப் பயந்து மாணவர்கள் குறைவாகவும் எளிமையாகவும் எழுத ஆரம்பிக்கிறார்கள் என்றார். நாம் மேலே பார்த்த "சாப்பிட்டேன், தூங்கினேன்" கதைதான்.

அமெரிக்க ஆய்வாளர் டானா ஃபெரிஸ் 1999-ல் இதற்குப் பதில் எழுதினார். இருக்கும் ஆய்வுகளை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது அவசரம் என்றார். எல்லாப் பிழையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, விதி சொல்லித் திருத்தக்கூடிய பிழை வேறு, விதிக்குள் அடங்காத பிழை வேறு என்று பிரித்தார். மாணவர்களே திருத்தம் வேண்டும் என்று கேட்கிறார்கள், அதை ஒதுக்க முடியாது என்றும் சொன்னார்.

ஜப்பான் ஆய்விலும் ஒரு ஓட்டை இருந்தது. நான்கு குழுவுக்கும் ஏதோ ஒரு விதத்தில் பிழை காட்டப்பட்டது. எதுவுமே காட்டப்படாத ஐந்தாவது குழு இல்லை. ஆகவே, 'விரிவாகத் திருத்துவதால் கூடுதல் பலன் இல்லை' என்று அதை வைத்துச் சொல்லலாம். 'திருத்தத்தால் பலனே இல்லை' என்று சொல்ல முடியாது.

பிறகு வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தச் சண்டையால் ஒரு நல்லது நடந்தது. ஆய்வுகளைக் கவனமாக வடிவமைக்க ஆரம்பித்தார்கள். அதில் மூன்றைப் பார்க்கலாம்.

நியூசிலாந்து, 2008: ஆக்லாந்தில் ஆங்கிலம் கற்ற 75 பேரை வைத்து ஜான் பிட்சனர் நடத்திய ஆய்வு. ஆங்கிலத்தில் 'எ', 'தி' என்ற இரண்டு குட்டிச் சொற்கள் இருக்கின்றன. "ஒரு நாய் வந்தது, அந்த நாய் குரைத்தது" என்பதில் வரும் ஒரு, அந்த மாதிரி. இவற்றை முதல் முறை சொல்லும்போது எது, மறுபடி சொல்லும்போது எது என்ற ஒரே விஷயத்தில் மட்டும் திருத்தம் தரப்பட்டது. திருத்தம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சரியாக எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நீடித்தது.

அமெரிக்கா, 2003: ஜீன் சாண்ட்லர், கிழக்கு ஆசிய மாணவர்களிடம் நடத்தியது. பிழைகள் எல்லோருக்கும் சுட்டிக்காட்டப்பட்டன. ஒரு பிரிவினர் அவற்றைத் தாங்களே திருத்தி எழுதிவிட்டுத்தான் அடுத்த கட்டுரைக்குப் போனார்கள். இன்னொரு பிரிவினர் அப்படித் திருத்தவில்லை. திருத்தி எழுதியவர்களின் பிழைகள்தான் பின்னால் எழுதிய கட்டுரைகளில் நன்றாகக் குறைந்தன.

நெதர்லாந்து, 2012: பல மொழி பேசும் மாணவர்கள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. இங்கே எல்லா வகைப் பிழையும் திருத்தப்பட்டது, அதற்கும் பலன் தெரிந்தது. இலக்கணப் பிழைக்குச் சரியான வடிவத்தையே எழுதிக் கொடுப்பது நீண்ட நாள் பலன் தந்தது. மற்ற பிழைகளில், இடத்தை மட்டும் காட்டி மாணவரையே கண்டுபிடிக்க விடுவது நல்ல பலன் தந்தது. முக்கியமாக, டிரஸ்காட் பயந்த மாதிரி மாணவர்கள் எளிமையாக எழுதி ஒதுங்கிக்கொள்ளவில்லை.

ஆக, திருத்தமே வீண் என்ற வாதம் இன்று பலவீனமாகிவிட்டது. ஆனால், நெதர்லாந்து மாணவர்கள் ஒதுங்கவில்லை என்பதால் எந்தக் குழந்தையும் ஒதுங்காது என்று நினைத்துவிடவும் கூடாது. ஆறு வட்டத்தோடு 4 மார்க்கும் திட்டும் சேர்ந்து வந்தால் நிலைமை வேறு. திருத்தத்துக்குப் பிறகு நோட்டு மூடப்படுகிறதா, குழந்தை மறுபடி எழுதுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பெரும்பாலும் என்ன நடக்கிறது? நோட்டு வரும். மார்க்கைப் பார்ப்பார்கள். பைக்குள் போய்விடும். டீச்சர் செலவழித்த நேரமும் அதோடு பைக்குள் போய்விடும்.

சரி, அந்த ஆறு வட்டத்தை என்ன செய்வது?

குழந்தையின் பத்திக்குத் திரும்புவோம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வட்டம் போடாமல், ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம் பார்க்கலாம்.

1. வந்தது, சிரித்தது: இது விதி சார்ந்த பிழை, இரண்டு முறை வந்திருக்கிறது. இந்த வாரம் இதைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டையும் அடிக்கோடிட்டு, ஓரத்தில் "அக்கா - அவள். அவள் வந்தாள்" என்று ஒன்றை எழுதிக் காட்டி, மற்றதைக் குழந்தையிடமே விட்டுவிடலாம்.

2. வலியில்: இது எழுத்துப் பிழை, ஆனால் பொருளே மாறுகிறது. அடிக்கோடு மட்டும் போதும். குழந்தை தானே கண்டுபிடித்தால் அது கைத்தவறு. கண்டுபிடிக்க முடியாவிட்டால் ல, ள, ழ வேறுபாட்டை உச்சரிப்போடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

3. மழை விழுந்தது: தெலுங்கில் மழை 'படும்', அதாவது விழும். தமிழில் பெய்யும். இதற்கு விதி கிடையாது, வழக்கு அவ்வளவுதான். "யோசிச்சு எழுது" என்று சொல்லிப் பயனில்லை, யோசித்தால் வராது. "மழை பெய்தது" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

4. கடைக்கு போனோம்: '-க்கு' என்று முடியும் சொல்லுக்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். சொல்லித்தரக்கூடிய விதிதான். ஆனால், இந்த வாரமே வேண்டியதில்லை. வாசிப்பவருக்குப் பொருள் புரிகிறது. வினைமுற்று சரியான பிறகு இதை எடுத்துக்கொள்ளலாம்.

5. லீவு: இதைத் தப்பு என்று அடிப்பதைவிட, "விடுமுறை என்றும் எழுதலாம்" என்று ஒரு சொல்லைக் கொடுக்கலாம். தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அந்தப் பத்தி ஒரு கதை சொல்கிறது. குழந்தை நனைந்தது, அக்கா சிரித்தாள். அதைப் படித்ததற்கு அடையாளமாகக் கீழே ஒரு வரி: "அக்கா ஏன் சிரித்தாள்?" இது கேள்வியும்தான், திருத்தமும்தான். 'சிரித்தாள்' என்ற சரியான வடிவம் அதற்குள்ளேயே இருக்கிறது. குழந்தை பதில் எழுதும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தியே ஆக வேண்டும்.

பேச்சுத் தமிழில் எழுதினால் அதுவும் பிழையா?

தமிழ் கற்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை இருக்கிறது. அவர்கள் காதால் கேட்கும் தமிழ் ஒன்று, நோட்டில் எழுத வேண்டிய தமிழ் இன்னொன்று. தெருவில், விளையாட்டில், டிவியில் கேட்பது "அவங்க வந்தாங்க". எழுத வேண்டியது "அவர்கள் வந்தார்கள்".

'வந்தாங்க' என்று எழுதும் குழந்தைக்கு எண், இடம், காலம், மரியாதை எல்லாமே சரியாக வந்திருக்கிறது. வடிவம் மட்டும்தான் பேச்சு வடிவம். 'அவர்கள் வந்தது' என்று எழுதும் குழந்தைக்கோ அடிப்படையே வரவில்லை. இரண்டுக்கும் ஒரே சிவப்பு வட்டம் போட்டால், நன்றாகக் கற்றுவரும் குழந்தையிடம் 'உனக்குத் தமிழ் வரவில்லை' என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

வழி எளிது. பேச்சு வடிவத்துக்கு வேறு நிறத்தில் கோடு போடுங்கள். "பேசும்போது இது சரி, எழுதும்போது இப்படி" என்று பக்கத்தில் காட்டுங்கள். கதையில் வரும் உரையாடலை மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழிலேயே எழுத விடுங்கள். எந்த இடத்தில் எது என்று பிரித்தறிவதும் தமிழ் கற்பதில் ஒரு பகுதிதான்.

40 நோட்டு இருக்கும் டீச்சரால் இது முடியுமா?

நியாயமான கேள்வி. ஒரு நோட்டுக்கு 5 நிமிடம் என்றாலே 40 நோட்டுக்கு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். ஒரு வகுப்புக்கு, ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் இவ்வளவு. எல்லாப் பிழையையும் திருத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு முதலில் உடைக்கிறது ஆசிரியரின் இடுப்பைத்தான்.

குறைத்துத் திருத்துவது இங்கே கைகொடுக்கும். இந்த வாரம் எந்த ஒரு விஷயத்தைப் பார்க்கப்போகிறோம் என்று வகுப்பில் முன்பே சொல்லிவிடலாம். பிழையின் வகைக்கு எளிய குறி வைத்துக்கொள்ளலாம்: எழுத்துப் பிழைக்கு 'எ', வினைமுற்றுக்கு 'வி', ஒற்றுக்கு 'ஒ'. பலருக்கும் வந்த பிழையைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பே சேர்ந்து திருத்தலாம். மிச்சமாகும் நேரத்தில் 10 நிமிடத்தை வகுப்பிலேயே திருத்தி எழுத ஒதுக்கலாம். அந்த 10 நிமிடம்தான் மொத்த வேலைக்கும் பலன் தருவது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு திட்டத்தை நடத்தினார். 'பெங்களூரு திட்டம்' என்று உலகம் முழுவதும் மொழி ஆசிரியர்கள் அறிந்தது இது. இலக்கணப் பாடத்துக்குப் பதிலாக, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, ரயில் கால அட்டவணையிலிருந்து விடை தேடுவது போன்ற வேலைகள் தரப்பட்டன. பிழை வந்தால் ஆசிரியர் சரியான வடிவத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, வேலையைத் தொடர்வார். பாடத்தை நிறுத்தி, அந்தப் பிழையை வைத்து இலக்கண வகுப்பு எடுப்பது தவிர்க்கப்பட்டது.

பரீட்சையில் எல்லாத் தப்புக்கும் மார்க் குறையுமே?

குறையும். அதனால் பிழையை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சி எழுத்து வேறு, இறுதிப் படி வேறு என்று பிரித்தால் போதும். பயிற்சியில் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். சுவரில் மாட்டும் கட்டுரை, பள்ளி மலருக்குப் போகும் கதை, தேர்வுக்கு முந்தைய பயிற்சி என்றால் முழுவதும் திருத்தலாம். அப்போதும் திருத்தி எழுதும் கை மாணவருடையதாக இருக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் போனில் தானாகத் திருத்தும் வசதியையும் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். தட்டச்சு செய்யும்போதே பிழை மறைந்துவிட்டால், தப்பு நடந்ததே கற்பவருக்குத் தெரியாது. முதலில் தானே எழுதிவிட்டு, பிறகு அந்த வசதியைப் போட்டு, எங்கே மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

நோட்டில் திருத்தாத பிழை ஒன்றைப் பார்த்ததும், "டீச்சர் சரியாப் பார்க்கலை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த வாரம் எதைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பெற்றோரின் புகாருக்குப் பயந்தே எல்லாவற்றுக்கும் வட்டம் போடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் எழுதச் சொல்லும்போது, பிழைக்கு முன்னால் விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு ஒன்றோ இரண்டோ பிழையை மட்டும் காட்டுங்கள். சரியானதை நீங்களே அழித்து எழுதிவிடாமல், குழந்தையை அந்த வாக்கியம் முழுவதையும் ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய நோட்டையும் இன்றைய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பிழை போயிருக்கிறது என்று குழந்தைக்குக் காட்டுங்கள். மார்க்கைவிட இது அதிகம் சொல்லும்.

தொடக்கத்தில் பார்த்த இரண்டு பத்திகளை இப்போது மறுபடி படியுங்கள். தப்பே இல்லாத இரண்டாவது பத்தியில் ஆசிரியர் சொல்லித்தர எதுவும் இல்லை. ஆறு தப்பு உள்ள முதல் பத்தியில், அந்தக் குழந்தைக்கு அடுத்த ஆறு வாரத்துக்கான தமிழ்ப் பாடம் இருக்கிறது. அக்கா ஏன் சிரித்தாள் என்பதும் நமக்கு இன்னும் தெரியாது. அதை எழுதச் சொல்லித்தான் அடுத்த பாடத்தைத் தொடங்க வேண்டும்.